கண்டி வீதி வழியே மலைநாட்டுக்கு

யாழ்ப்பாண நகரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருவீதியைக் கண்டி வீதி என்று வழங்குவது நம் ஊர் வழக்கம். நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, சாவகச்சேரி, கொடிகாமம், பளை என்னும் ஊர்களினூடாக ஆனையிறவை அடையும் அவ்வீதியிலே நாள்தோறும் எண்ணற்றோர் சென்று வருகின்றனர். அவர்களுட் பெரும்பாலோர்க்கு அது சந்தைக்கும் கச்சேரிக்கும் கல்லூரிக்கும் செல்லும் வீதி. அதன் மறுமுனை மலை சூழ்ந்த கண்டி மாநகரிலே உள்ளதென்பதை அதன் பெயரே சொல்லிக்கொண்டிருப்பினும், அம்முனைவரை அதனைத் தொடர்ந்தோர் சிலர். மிதித்துத் தொடர்ந்தோர் மிகச் சிலர். ஏ9 என இலக்கமிடப்பெற்ற அவ்வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். அதனை முற்றாகச் சைக்கிளிலே கடந்து, கண்டிக்கு அப்பாலும் மலைமேல் ஏறி, நுவரெலியா வழியாகக் கொஸ்லந்தைவரை சென்ற எங்கள் பயணத்தைப் பற்றி எழுதுமாறு விழா மலராசிரியர் பணித்தார். அப்பணிப்பின்படி எழுந்ததே இக்கட்டுரை.

நாங்கள் நால்வர். 1990களின் முற்பகுதியிலே நம் கல்லூரியில் ஒரே வகுப்பில் இருந்தோம். அக்காலத்து மாணவர்க்குச் சைக்கிளின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்த அவ்வாண்டுகளிலே விறகும் நெல்லும் தேங்காயும் சைக்கிளிலே சென்றன. நோயாளரும் சைக்கிளிலேயே வைத்தியசாலைக்குச் சென்றனர். மின்சாரமில்லா இரவுகளிலே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைக் கையாற் சுற்றி, டைனமோவிற் பிறந்த மின்னைக்கொண்டு வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இடப்பெயர்வின்போது வீதியிலே சைக்கிளை ஓட்ட இடமிருக்கவில்லை. மூட்டை முடிச்சுக்களைக் கரியரிலும் பாரிலும் கட்டி, கைபிடியைப் பற்றிக்கொண்டு, முன்னே நடப்பவர் அடி வைத்தபின் நாம் ஓரடி வைத்து, இரவு முழுவதும் உருட்டிச் சென்றோம். சைக்கிள் என்பது ஓட்டுவதற்கு மட்டுமன்று, பற்றி நடப்பதற்கும் உரியது என்பதை அன்றே கற்றோம்.

ஆயினும் நாங்கள் அறிந்த சைக்கிள் சமவெளிச் சைக்கிள். குடாநாட்டிலே மலை என்று பெயர் பூண்டது கீரிமலை. அதுவும் பெயரளவில் மலையேயன்றி ஏறி இளைக்க வைப்பதன்று. நமக்கு மலையாக நிற்பது காற்றே. 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையிலே நாங்கள் புறப்பட்டபோது சோழகம் முகத்திலே அறைந்தது. ஆனையிறவு வெளியிலே தலையைக் கவிழ்த்து, ஒருவர் பின் ஒருவராக நிரையிட்டு, முன்செல்பவர் காற்றை உடைக்கப் பின்வருவோர் அவர் மறைவிலே மிதிக்க, கிலோமீற்றருக்கு ஒருமுறை இடம் மாறிச் சென்றோம். கிளிநொச்சி, மாங்குளம் கழிந்து வன்னிக் காட்டினுள் நுழைந்தபின்னரே காற்று அடங்கிற்று. அன்றிரவு வவுனியாவிலே தங்கினோம்.

மறுநாட் காலை மதவாச்சியை அடைந்தோம். தலைமன்னாரிலிருந்து வரும் வீதி அங்கே கண்டி வீதியோடு கூடுகின்றது. பார்வைக்குச் சாதாரணமான சந்தி. தேநீர்க் கடைகளும் பஸ் தரிப்பிடமுமாய் இருப்பது. ஆயினும் வரலாற்றை அறிந்தோர் அவ்விடத்திலே சிறிது நிற்பர். 1820களிலே கம்பளைக்கு அண்மையில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் தொடங்கினார். பின்னர்க் கோப்பி மலைநாடெங்கும் பரவிற்று. அத்தோட்டங்களுக்கு வேண்டிய ஆட்கள் தென்னிந்தியாவிலிருந்து தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்தனர். அங்கிருந்து காடுகளினூடாக மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். குழந்தைகளை இடுப்பிலும் சட்டிபானைகளைத் தலையிலும் சுமந்து நடந்தனர். வாந்திபேதியும் வைசூரியும் நீரின்மையும் வழியிலே பலரைக் கொண்டன. அவர்கள் வீழ்ந்த இடங்களைக் காட்ட ஒரு கல்லும் இல்லை. அவ்வருகையின் இருநூறாம் ஆண்டை முன்னிட்டு 2023இல் அம்மரபினரும் அவர்கள்பால் அன்புடையோரும் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அதே வழியை நடந்து கடந்தனர்.

ஆகவே மதவாச்சிக்குத் தெற்கே கண்டி வீதி நம் வீதி மட்டுமன்று. நம்முடைய வீதியும் அவர்களுடைய வீதியும் அங்கே ஒன்றாகின்றன. அவ்வெண்ணம் அன்று முழுவதும் எங்களுடன் வந்தது. நிழலுள்ள தார்வீதியிலே, கையிலே நீர்ப்போத்தல் இருக்க, மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்திலே செல்லும் எங்களுக்கே தம்புள்ளை தொலைவாகத் தோன்றிற்று.

மூன்றாம் நாள் மாத்தளையை அடைந்தோம். நடந்து வந்தோர் காடு கடந்த நன்றிக்கு அங்கே மாரியம்மனை வழிபட்டனர் என்று அவ்வூரார் கூறுவர். மாசிமகத்துப் பஞ்சரத பவனியாற் பேர்பெற்ற ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத்திலே நாங்களும் வணங்கி, உச்சி வெயில் தணிந்தபின் புறப்பட்டோம். மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையே உள்ள பலகடுவ ஏற்றமே எங்களுடைய முதல் ஏற்றம்.

ஏற்றத்தின் கணக்கை மாணவர் பொருட்டு இங்கே சிறிது விரித்துரைத்தல் தகும். எங்களுள் ஒருவர் தம் தந்தையார் ஓட்டிய பழைய ரலிச் சைக்கிளையே கொண்டுவந்திருந்தார். அதன் முன்பற்சக்கரத்தில் 48 பற்கள், பின்னே 18. மிதியை ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 6 மீற்றர் செல்லும். சமவெளிக்கு அஃது உகந்தது. மற்றை மூவரின் சைக்கிள்களிலே கியர் உண்டு. மிகத் தாழ்ந்த கியரில் முன்னும் பின்னும் 34 பற்களே. ஒரு சுற்றுக்கு வண்டி 2 மீற்றருக்குச் சற்று மேல் செல்லும். காலுக்கு வேண்டிய பலம் மூன்றிலொரு பங்கு அளவாகக் குறைகின்றது. சுற்ற வேண்டிய சுற்றுக்களோ மூன்று மடங்கு அளவாகப் பெருகுகின்றன. ‘பலத்திலே மிச்சம் பிடித்ததைத் தூரத்திலே கட்டித் தீர்க்க வேண்டும்’ என்று நம் பௌதிக ஆசிரியர் நெம்புகோலைக் காட்டிச் சொன்னதன் பொருள் பலகடுவவிலே முழங்கால் வழியாக விளங்கிற்று. ரலிக்காரரோ கணக்குப் பாராமல் இறங்கி உருட்டினார். வியப்பு யாதெனில், கியரை இறக்கி மிதித்த மூவரும் உருட்டி நடந்த ஒருவரும் ஏற்றத்தின் தலைப்பிலே ஏறக்குறைய ஒரே வேளையிற் கூடினோம் என்பதே.

கண்டி கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீற்றர். நுவரெலியா 1868 மீற்றர். இரண்டுக்குமிடையே வீதி 77 கிலோமீற்றர் அளவாகும். பேராதனைப் பாலத்தைக் கடந்து கம்பளைவரை மகாவலி கங்கையின் பக்கமாகச் செல்லும் வீதி, அதன்பின் மலையைப் பற்றுகின்றது. புசல்லாவையை நெருங்குகையிலே தேயிலை தொடங்கிற்று. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்திலே தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, கோப்பி நின்ற மலையெல்லாம் தேயிலை ஆயிற்று. பயிர் மாறிற்று, பயிர் செய்வோர் மாறவில்லை. வெட்டிச் சீவிய பச்சைக் கம்பளம் என்று பஸ் யன்னலினின்று காண்போர் அம்மலைகளைப் புகழ்வர். சைக்கிளிலே மெல்லச் செல்வோர்க்கு அக்கம்பளத்தின் இழைகள் தெரியும்: மண் அரியாதபடி சரிவுக்குக் குறுக்கே வெட்டிய கான்கள், அடுக்கிய கற்கட்டுக்கள், வீதியின் வளைவுகளை அறுத்துக்கொண்டு லயங்களுக்குச் செங்குத்தாக ஏறும் ஒற்றையடிப் பாதைகள். அவற்றுள் கையால் வெட்டாதது ஒன்றில்லை. எங்கள் சக்கரங்கள் உருண்ட மலைவீதியும் அவ்வாறு வெட்டப்பட்டதே.

றம்பொடையிலே பெருமழை பிடித்தது. தென்மேற்குப் பருவக்காற்று மேகங்களைக் கொண்டுவந்து அம்மலைமுகத்திலே மோதும் காலம் அது. கீழே 1985இல் நிறைவெய்திய கொத்மலை நீர்த்தேக்கம் புகாருக்குள் மறைந்தது. 109 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் றம்பொடை அருவியின் ஓசை மட்டும் எங்களுக்கு வழித்துணையாயிற்று. அதன்மேல் வீதி கொண்டையூசி வளைவுகளாகத் திரும்பித் திரும்பி ஏறுகின்றது. கடந்த வீதியே காலடியிலே கிடக்கின்றது. ஏறவேண்டிய வீதி தலைக்குமேல் தொங்குகின்றது. எங்கள் வேகம் மணிக்கு 6 கிலோமீற்றராக இறங்கிற்று. வளைவுகளிலே பூச்செண்டு விற்கும் சிறுவன் ஒருவன், நாங்கள் ஒரு வளைவைச் சுற்றி வருவதற்குள் தேயிலைக்குள்ளே குறுக்குப் பாதையால் ஓடி ஏறி, அடுத்த வளைவிலே முன்னே நின்று சிரித்தான். பாடசாலை விடுமுறைதானே என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். விடுமுறை முடிந்தபின்னரும் அவன் அங்கே நிற்பானோ என்று கேட்க எங்களுக்கு நா எழவில்லை.

அவ்வேற்றத்தின் நடுவிலே கொழுந்து மூட்டையோடு வீதியோரமாக ஏறிக்கொண்டிருந்த முதிய பெண்மணி ஒருவரோடு சமமாகச் சென்றோம். அவரை முந்த எங்களால் இயலவில்லை. சிறிது தூரம் எங்களை ஏற இறங்கப் பார்த்தபின் அவர் கேட்டார்:

“ஏன் தம்பி, பஸ்ஸுக்குக் காசு இல்லையா?”

“காசு இருக்குதம்மா. மலையைப் பாக்கத்தான் வந்தனாங்கள்.”

“மலையில பாக்க என்னா இருக்கு? ஏறணும், எறங்கணும். அம்புட்டுத்தான்.”

மலைநாட்டைப் பற்றி நாங்கள் கேட்ட சொற்களுள் இதனினும் செறிந்தது ஒன்றில்லை. எங்கள் மூட்டை 8 கிலோ. அதனைச் சுமந்தது சைக்கிள். பல தோட்டங்களிலே ஒரு நாளைக்கு 18 கிலோ அளவு கொழுந்து பறித்தாலே முழு நாட்கூலி. அக்கூலியைத் தோட்டத்திலே ‘பேர்’ என்பர், குறைந்தால் ‘அரைப்பேர்’. சரிவிலே நின்று பறித்து, நிறுக்குமிடத்துக்கு முதுகிலே சுமந்து செல்லும் அவர்க்குக் கியரும் இல்லை, இறங்கி உருட்டும் வசதியும் இல்லை.

மழை விடாமையால் அவ்வம்மையார் எங்களைத் தம் லயத்துக்கு அழைத்துச் சென்றார். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பரா ஒன்று. முன்னே ஒரு சிறு விறாந்தை. சைக்கிள்கள் நான்கும் விறாந்தையை நிறைக்க, வீட்டார் மழையிலே ஒதுங்கி எங்களுக்கு இடந்தந்தனர். சுடச்சுட ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் வந்தன. அவர்கள் பேச்சும் எங்கள் பேச்சும் பலவிடத்து வேறுபட்டன. தேத்தண்ணி என்ற சொல் இருபாலார்க்கும் ஒன்றாயிருந்தது. வீட்டுப் பெரியவர் நாங்கள் வந்த ஊரைக் கேட்டறிந்து, “வவுனியா தாண்டித்தானே வந்திருப்பீங்க? எழுவத்தேழு கலவரத்துல எங்க சித்தப்பா குடும்பம் அங்கதான் போனாங்க. ரோடு இப்ப நல்லாருக்கா?” என்று வினவினார். வீதி நன்றாகவே இருக்கின்றது என்றோம். 1977இன் பின்னர் மலைநாட்டினின்று வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியோர் பலர். நாங்கள் இரண்டு நாட்களிலே மிதித்துக் கடந்த வன்னி நிலத்திலே அப்பெரியவருக்கு உறவு இருந்தது. எங்களுட் சிலருக்கு இல்லை.

நாட்கூலியைப் பேர் என்று வழங்கும் அம்மக்களின் பெயர்கள் நாட்டின் பதிவுகளினின்று நீங்கிய வரலாற்றை இளைய மாணவர் அறிதல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் சென்றது. 1964இல் இரு நாட்டுத் தலைவர்களும் செய்த ஒப்பந்தத்தால் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். 150,000 பேரின் நிலை பின்னைக்கு வைக்கப்பட்டது. எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! அக்காலமெல்லாம் மலைநாட்டுத் தேயிலை நம் வீடுகளிலே நாள்தோறும் கொதித்தது. அதனைப் பறித்தோரைக் குறிக்க நம் ஊரிலே வழங்கிய இழிசொல் ஒன்றும் உண்டு. அதனை இம்மலரிலே எழுதேம், மூத்தோர் அறிவர். இளையோர் அறியாதிருப்பாராயின் அதுவே நல்லது.

மாலையிலே நுவரெலியாவை அடைந்தோம். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்பது புவியியற் பாடம். யாழ்ப்பாணத்து வெயிலிலே ஊறிய எங்களுக்கு அப்பாடத்தைப் பற்கள் தாளமிட்டு ஒப்புவித்தன. கரட்டும் லீக்ஸும் ஏற்றிய லொறிகள் அங்கிருந்து இறங்குவதைக் கண்டோம். திருநெல்வேலிச் சந்தையிலே நாம் வாங்கும் மரக்கறியிற் பலவும் இவ்வழி வருவனவே.

மறுநாள் இறக்கம். ஏறுவது காலின் வேலை. இறங்குவது கையின் வேலை, அதனினும் கருத்தின் வேலை. சீதா எலியவிலே அம்மன் ஆலயத்தைத் தரிசித்து, 1861இல் சிங்கோனாப் பயிருக்கென அமைக்கப்பட்ட ஹக்கலப் பூந்தோட்டத்தைக் கடந்து, வெலிமடை நோக்கி இறங்கினோம். பிறேக்கை இடைவிடாது பிடித்தால் றிம் சூடேறி ரியூப் வெடிக்கும். ஆகையாற் பிடித்தும் விட்டும் முன்னும் பின்னும் மாற்றியும் இறங்கவேண்டும். இரும்பு றிம் நனைந்தால் பிறேக் வழுக்கும் என்பதால் ரலிக்காரர் ஏற்றத்திலே உருட்டியது போலவே ஈர இறக்கத்திலும் உருட்டினார். ஹக்கல மலைத்தொடரைக் கடந்ததும் மழை நின்றது, வானம் நீலமாயிற்று. மேற்கு முகத்திலே மழை கொட்டும் அம்மாதங்களிலே ஊவாப் பக்கம் வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு மணமூட்டுவது அக்காற்றே. ஒரு மலையின் இருபுறத்தாரும் ஒரே நாளிலே இருவேறு வானங்களின் கீழ் வாழ்கின்றனர்.

பண்டாரவளை வழியாக அப்புத்தளையை அடைந்து, அடுத்த நாள் பெரகலைச் சந்தியால் இறங்கிக் கொஸ்லந்தைக்குச் சென்றோம். அவ்விடத்து மீரியபெத்தை என்னும் தோட்டத்திலே 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. சைக்கிள்களை வீதியோரம் நிறுத்தி, அத்திசை நோக்கிச் சிறிது நேரம் நின்றோம். மலையை வெட்டி நாட்டுக்குப் பொருளீட்டித் தந்தோர்க்கு அம்மலையிலே நிலைத்த ஒரு வீட்டு நிலம் இல்லாதிருந்தது என்பதை எந்தப் புள்ளிவிவரத்தைக் காட்டிலும் அவ்விடம் தெளிவாக உரைக்கின்றது. எங்கள் பயணம் அத்துடன் முடிந்தது.

இப்பயணத்திலே நாங்கள் பெற்றதை ஒரு வார்த்தையிலே சொல்லலாம். சமவெளியிலே சைக்கிள் நம்மை நடப்போரினும் விரைவாகக் கொண்டு செல்கின்றது. ஏற்றத்திலே அவர்களோடு சேர்த்து விடுகின்றது. மோட்டார் வண்டியிலே மலைநாடு செல்வோர் மலையைக் காண்பர். மிதித்துச் செல்வோர் மலையிலே நடப்போரைக் காண்பர்; அவர்கள் கேட்பதற்கு விடை சொல்லியே ஆகவேண்டியவர் ஆவர். மணிக்கு 6 கிலோமீற்றர் வேகத்திலே ஒருவரை முகங்காணாது கடந்து போக முடியாது.

எனவே விழாக் காணும் இவ்வேளையிலே பழைய மாணவர் சங்கத்தார் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். கட்டடங்கள் எழுகின்றன, நன்று. அவற்றோடு, ஆண்டுதோறும் ஓகஸ்ட் விடுமுறையிலே உயர்தர வகுப்பு மாணவர் பன்னிருவரை ஆசிரியர் இருவருடன் சைக்கிளிலே மலைநாட்டுக்கு அனுப்புவோமாக. சைக்கிள்களை மாத்தளைவரை லொறியில் ஏற்றலாம். அங்கிருந்து ஆறு நாள் போதும். தோட்டப் பாடசாலைகளிலே தங்கி, அங்குள்ள மாணவரோடு உண்டு, பேசி, விளையாடி வருவாராக. அதே தொகையான மலைநாட்டு மாணவரை அடுத்த விடுமுறையிலே நம் விடுதியிலே விருந்தினராக வைத்திருப்போமாக. செலவு பெரிதன்று. நால்வரும் முதலாண்டுச் செலவிலே எங்கள் பங்கைத் தர ஒருப்பட்டுள்ளோம்.

செல்லும் மாணவர்க்குச் சில சொற்கள். தாழ்ந்த கியர் உள்ள சைக்கிளைக் கொள்க. பிறேக் கட்டைகளைப் புதிதாக மாற்றுக. மாற்றுக் கட்டை ஒரு சோடி கையிலும் இருக்கட்டும். பொழுது புலரப் புறப்படுக. பிற்பகலிலே புகாரும் மழையும் வரும். ஏற்றத்திலே மூச்சு முட்டினால் இறங்கி உருட்டுக. அதில் இழுக்கு ஒன்றும் இல்லை. அவ்வீதியை முதன்முதல் கடந்தோரும் நடந்தே கடந்தனர். வழியிலே எவரேனும் தேத்தண்ணிக்கு அழைத்தால், நேரமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.